ஒரு ஏக்கர் வளவு, பத்து வருடத் திட்டம்: எதை முதலில் செய்வது?

மீள்குடியேறிய குடும்பங்களின் வளவுகள் பெரும்பாலும் துண்டு துண்டாகவே எழும்பின. வீடு ஒரு திட்டத்தில் கிடைத்தது. மலசலகூடத்தை இன்னொரு நிறுவனம் கட்டித் தந்தது. கிணற்றை வேறு யாரோ இறைத்துத் துப்புரவாக்கினார்கள். ஒரு வருடம் கோழிக்குஞ்சு வந்தது, அடுத்த வருடம் தென்னங்கன்று வந்தது, பிறகு நீர்ப்பம்பி வந்தது. எல்லாமே அந்த நேரத்தில் வேண்டியிருந்தவைதான். ஆனால் வளவு முழுவதையும் ஒரே தாளில் வைத்து, எது எங்கே, எது எப்போது என்று பார்க்கும் வேலையை வெளியில் இருந்து வந்த எவரும் செய்துதர முடியாது. அது குடும்பம் செய்யவேண்டிய வேலை.

எங்கள் வளவு கிளிநொச்சி மாவட்டம் தருமபுரம் பக்கத்தில் இருக்கிறது. ஒரு ஏக்கர், அதாவது பதினாறு பரப்பு. 2010 இல் திரும்பி வந்தோம். அம்மா, ஒரு காலை இழந்த என் தம்பி, என்னுடைய இரண்டு பிள்ளைகள், நான் என்று ஐந்து பேர். என்னுடைய கணவர் 2009 வைகாசிக்குப் பிறகு இன்னும் வரவில்லை. 2022 இல் பெற்றோலும் எரிவாயுவும் பால்மாவும் இல்லாமற்போன மாதங்களில்தான், அடுத்த பத்து வருடத்துக்கு இந்த வளவை என்ன செய்யப்போகிறோம் என்று இருந்து எழுதத் தொடங்கினோம். அந்தத் திட்டத்தையும் அதற்குப் பின்னாலுள்ள கணக்கையும் இங்கே தருகிறேன். உங்கள் காணி சிறியதாக இருக்கலாம், மண் வேறாக இருக்கலாம். ஆனால் வேலைகளின் ஒழுங்கு எல்லோருக்கும் ஏறத்தாழ ஒன்றுதான்.

தன்னிறைவு என்றால் எவ்வளவு?

முதலில் இதற்கு ஒரு எல்லை போட்டுக்கொள்ளவேண்டும். ஐந்து பேருள்ள வீட்டுக்கு நாளுக்கு ஒன்றரைக் கிலோ அரிசி என்றாலும் வருடத்துக்கு 550 கிலோ வேண்டும். நெல்லாகப் பார்த்தால் 850 கிலோ வரை. மேட்டுக்காணியில் இது நடக்காது. வயல் இருந்தால் வயலில் இருந்து வரவேண்டும், இல்லையேல் வாங்கவேண்டும். உப்பு, சீனி, மீன், துணி, மருந்து எல்லாம் வாங்கத்தான் வேண்டும். வளவு தரக்கூடியவை மரக்கறி, கீரை, தேங்காய், பழம், முட்டை, ஓரளவு பால், விறகு, எரு, குடிதண்ணீர் என்பவை. மாதச் செலவில் இவை சின்னப் பங்கு இல்லை.

இரண்டாவது, ஒவ்வொரு முன்னேற்றத்துக்கும் நாங்கள் ஒரு கேள்வி கேட்கிறோம். மூன்று மாதம் எரிபொருளும் பசளையும் கடைச்சாமானும் வராவிட்டால் இது வேலை செய்யுமா? வன்னியில் இருந்தவர்களுக்கு இது கற்பனைக் கேள்வி இல்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் எரிபொருளும் பசளையும் பற்றரியும் இல்லாமல் வருடக்கணக்கில் கமம் செய்தோம். ஜாம் போத்தலில் சொட்டு மண்ணெண்ணெய் விட்டுப் பஞ்சுத் திரி போட்டுப் படித்த பிள்ளைகளில் நானும் ஒருத்தி. 2022 இல் அதே கேள்வி நாடு முழுவதற்கும் வந்தது. இந்தக் கேள்விக்குத் தாக்குப்பிடிக்காத எதையும் திட்டத்தின் நடுவில் வைக்கக்கூடாது. ஓரத்தில் வைக்கலாம்.

முதலாவது: காணிப் பத்திரம்

திட்டத்தைப் பற்றிக் கதைத்த முதல் நாளே தம்பி கேட்டான்: "அக்கா, தென்னை காய்க்கிற நேரம் இந்தக் காணி ஆற்றை பேரில இருக்கும்?"

வன்னியில் பல குடும்பங்களுக்கு உறுதிக்காணி இல்லை. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரம்தான் இருக்கிறது. அதுவும் அப்பாவின் அல்லது அப்பப்பாவின் பெயரில் இருக்கும். பெயருக்குரியவர் இறந்திருப்பார், பத்திரம் இடம்பெயர்வில் தொலைந்திருக்கும். பத்திரம் சரியில்லாத காணியில் பத்து வருடத்து மரத்தை நட்டால், பிறகு அந்த மரமே சகோதரங்களுக்குள் பிணக்காகலாம்.

கவனிக்கவேண்டியவை சில உண்டு. அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவர் தன் காலத்திலேயே பின்னுரித்தாளரைப் பெயர் குறித்துப் பதிவு செய்யலாம். அவர் இறந்தால் வாழ்க்கைத்துணைக்கு அந்தக் காணியில் சீவிய உரிமை உண்டு. பின்னுரித்தாளர் பெயர் குறிக்கப்படாவிட்டால் சட்டத்திலுள்ள அட்டவணைப்படி உரிமை போகும். அந்த அட்டவணை நீண்டகாலமாக ஆண்பிள்ளைகளை முன்னிறுத்தியே இருந்தது. 2022 திருத்தத்தில் அந்த ஆண் பெண் வேறுபாடு நீக்கப்பட்டது. இந்தக் காணிகளை அனுமதியில்லாமல் விற்கவோ ஈடுவைக்கவோ முடியாது. உங்கள் குடும்பத்துக்கு எது பொருந்தும் என்பதைப் பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில் கேளுங்கள். பதிலை வாய்மொழியாகக் கேட்டுக்கொண்டு வராமல் எழுத்தில் வாங்குங்கள்.

காணாமற்போனவரின் பெயரில் காணி இருந்தால் இன்னொரு சிக்கல் வருகிறது. மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்வார்கள். எடுக்க மனம் வராது. 2016 இல் கொண்டுவரப்பட்ட சட்டத் திருத்தத்தின்படி, மரணச் சான்றிதழ் எடுக்காமலே காணாமற்போனவர் என்பதற்கான சான்றிதழைப் பெறலாம். அதை வைத்துச் சொத்துப் பராமரிப்புக்கான நடவடிக்கைகளையும் எடுக்கலாம். அதை எடுப்பதும் எடுக்காமல் விடுவதும் அவரவர் முடிவு. அப்படி ஒரு வழி இருக்கிறது என்பது தெரிந்திருக்கவேண்டும்.

பத்திரங்களைப் படமெடுத்து, வெளியில் இருக்கும் உறவினர் இரண்டு பேரிடமாவது அனுப்பி வையுங்கள். மூலப்பத்திரம் பொலித்தீன் உறையில், வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஒரே இடத்தில் இருக்கட்டும்.

இரண்டாவது: வளவை வரைவது

சதுரமான ஒரு ஏக்கரின் ஒரு பக்கம் ஏறத்தாழ 208 அடி. பிள்ளைகளின் கொப்பித்தாள் இரண்டை ஒட்டி, ஒரு அங்குலத்துக்கு இருபது அடி என்ற அளவில் வரைந்தால் முழு வளவும் அதில் அடங்கும். முதலில் இருப்பதை வரையுங்கள்: வீடு, கிணறு, மலசலகூடக் குழி, பாதை, நிற்கிற மரங்கள், வெட்டுப்பட்ட மரங்களின் அடிக்கட்டைகள். பிறகு தண்ணீர் ஓடும் திசை. 2018 மார்கழியில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வந்த வெள்ளத்தில் உங்கள் வளவில் தண்ணீர் எங்கே நின்றது என்பதைக் கட்டாயம் குறியுங்கள். அங்கே கோழிக்கூடும் வரக்கூடாது, புதிய மலசலகூடமும் வரக்கூடாது. வாழையும் வல்லாரையும் வரலாம். வைகாசியில் இருந்து புரட்டாதி வரை வீசும் சோளகக் காற்றின் பக்கத்தையும் குறியுங்கள். காற்றுத் தடுப்பு மரங்கள் அங்கே வரவேண்டும்.

மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் குறைந்தது 50 அடி இருக்கவேண்டும். மாட்டுக்கொட்டில், எருக்குவியல் போன்றவற்றையும் கிணற்றில் இருந்து அதே தூரத்துக்குத் தள்ளி வையுங்கள்.

பழைய பங்கர்கள், மூடப்பட்ட குழிகள், இன்னும் கிண்டாத மூலைகள் ஆகியவற்றையும் தாளில் குறியுங்கள். மிதிவெடி அகற்றி முடிந்த காணிகளிலும் வெடிக்காத பொருட்கள் எப்போதாவது வெளிப்படுகின்றன. கிண்டாத இடத்தில் குப்பை எரிக்கவேண்டாம். அலவாங்கு போடும்போது இரும்பு தட்டுப்பட்டால் அப்படியே நிறுத்தி, பிள்ளைகளைத் தள்ளி நிறுத்தி, பொலிஸாருக்கு 119 இல் அறிவியுங்கள். இரும்பு விற்கலாம் என்று எடுத்துப் பார்க்கக்கூடாது.

மூன்றாவது: தண்ணீர்

மற்ற எல்லாமே தண்ணீரைப் பொறுத்தது. ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் அது ஒரு லீற்றர். இந்திய வீட்டுத்திட்டத்தில் கிடைத்த 550 சதுர அடி வீடு ஏறத்தாழ 51 சதுர மீற்றர். எங்கள் பக்கத்தில் வருடத்துக்கு ஏறத்தாழ 1,200 மில்லிமீற்றர் மழை. ஐந்திலொரு பங்கு வீணாகிறது என்று கழித்தாலும் அந்தக் கூரையில் இருந்து வருடத்துக்கு 49,000 லீற்றர் ஓடுகிறது. இப்போது அது முற்றத்தில் குழி பறிக்கிறது.

முழுவதையும் பிடிக்கத் தேவையில்லை. ஐந்து பேருக்குக் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஐந்து லீற்றர் என்றால் நாளுக்கு 25 லீற்றர். 5,000 லீற்றர் தாங்கி ஒன்று 200 நாளைக்குக் காணும். மாரி முடிந்து அடுத்த மாரி வரும்வரைக்கும் உள்ள காலத்தில் பெரும்பகுதி அது. கோடையில் கிணற்றுநீர் கயர்க்கும் இடங்களிலும், சிறுநீரக நோய்ப் பயம் உள்ள இடங்களிலும் இந்தத் தாங்கிதான் முதல் முதலீடு. பீலி பூட்டி, முதல் மழைத் தண்ணீரை வெளியே விட்டு, கூரையைக் கழுவவிட்ட பிறகே தாங்கிக்குத் திருப்பவேண்டும். வாயில் நுளம்புவலை கட்டவேண்டும். நிறைந்து வழியும் தண்ணீரை, கிணற்றில் இருந்து இருபது அடி தள்ளிக் கல்லும் மணலும் போட்ட ஒரு குழிக்குள் விடலாம். நேரே கிணற்றுக்குள் விடக்கூடாது.

கிணற்றை ஆழமாக்குவதாக இருந்தால் ஆவணி, புரட்டாதியில் தண்ணீர் அடிக்குப் போன நேரம் செய்யவேண்டும். பம்பியைப் பற்றி ஒன்று. 2022 ஆவணியில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் ஒரே நாளில் 87 ரூபாவில் இருந்து 340 ரூபாவாகியது. அதன்பிறகு எங்கள் திட்டத்தில் சூரியசக்திப் பம்பி ஒன்றைச் சேர்த்தோம். அதற்குப் பற்றரி வேண்டியதில்லை. வெயில் உள்ள நேரம் இறைத்து உயரத்தில் உள்ள தாங்கியை நிரப்பினால், இரவில் குழாயைத் திறந்துவிடலாம். ஆனால் கப்பியும் கயிறும் வாளியும் கிணற்றில் எப்போதும் இருக்கும். அவற்றைக் கழற்றப்போவதில்லை.

நான்காவது: வேலி

கம்பிவேலி ஒரு செலவு. உயிர்வேலி ஒரு தோட்டம். ஒரு ஏக்கரின் சுற்றளவு ஏறத்தாழ 830 அடி. இரண்டடிக்கு ஒன்று என்றால் 415 கதியால் வேண்டும். பக்கத்து வளவுகளில் கொப்பு வெட்டும் நேரம் கேட்டால் காசில்லாமலே கிடைக்கும். முதல் மழைக்குப் பின் நட்டால் பிடிக்கும். கிளுவை, பூவரசு, சீமைக்கிளுவை, இடையிடையே முருங்கை. ஆட்டுக்குக் குழை, பாத்திக்குப் பசளை, அடுப்புக்கு விறகு, சோளகத்துக்கு மறைப்பு என நான்கும் இந்த ஒரு வேலியில் இருந்து வரும். சீமைக்கிளுவை தென்னங்காணிகளிலும் பசளைக்காகவே வளர்க்கப்படுகிறது.

ஒரே வருடத்தில் நான்கு பக்கமும் போட ஆள்பலம் இல்லாவிட்டால் வருடத்துக்கு ஒரு பக்கம் போடுங்கள். காட்டுப்பக்கம் உள்ள எல்லையில் வாழையை நடவேண்டாம். யானைக்கு அது அழைப்பு.

ஐந்தாவது: மண்

காடு மூடிக்கிடந்து, பிறகு எரிக்கப்பட்டு, இயந்திரம் ஓடிய காணிகளில் மேல்மண் பல இடங்களில் இல்லை. 2021 வைகாசியில் இரசாயனப் பசளை திடீரென்று தடைசெய்யப்பட்டு, அந்த வருடம் முடியுமுன் தடை நீக்கப்பட்டது. ஒரே நாளில் பசளையை நிறுத்தினால் பயிர் விழும் என்பதையும், பசளையை மட்டும் நம்பிய மண் எவ்வளவு வெறுமையானது என்பதையும் அது காட்டியது. ஆகவே எங்கள் திட்டத்தில் மண்ணுக்கு ஐந்து வருடம் கொடுத்திருக்கிறோம்.

வழிகள் பழையவை. குழை தாழ்ப்பது ஒன்று. பூவரசு, வேம்பு, எருக்கலை, சீமைக்கிளுவைக் குழையை மழைக்கு முன் சாலில் போட்டு மூடினால் மண் இளகும். பட்டி அடைப்பது இன்னொன்று. மாடு வைத்திருப்பவரிடம் கேட்டு, கோடையில் சில இரவுகள் உங்கள் காணியில் கட்டச்செய்யலாம். மூன்றாவது, எதையும் எரிக்காமல் விடுவது. சருகு, வாழைத்தடல், பொச்சுமட்டை எல்லாம் மரத்தடிக்குப் போகட்டும். வருடத்துக்கு நான்கு பரப்பை மட்டும் எடுத்துத் திருத்தினால் நான்கு வருடத்தில் ஏக்கர் முழுவதும் முடியும்.

ஆறாவது: மரங்கள்

மரத்தைத் தெரிவுசெய்யும்போது சுவையைவிடக் காலத்தைப் பாருங்கள். பப்பாசி, வாழை, மரவள்ளி, முருங்கை ஆகியவை ஒரு வருடத்துக்குள் அல்லது ஒரு வருடமளவில் பலன் தரும். தேசி, கொய்யா, ஒட்டுமா மூன்று நான்கு வருடம். நெட்டைத் தென்னை ஐந்து முதல் ஏழு வருடம். பலா அதற்குச் சற்றுக் கூட. பனை பதினைந்து வருடம் அளவில். ஒவ்வொரு வகுப்பிலும் ஒன்றிரண்டை முதல் வருடமே நட்டால், ஒன்று ஓயும்போது மற்றது தொடங்கும்.

தென்னை எத்தனை வேண்டும்? 26 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 64 மரம் வைக்கலாம். வீட்டுத் தேவைக்கு அவ்வளவு வேண்டாம். நாளுக்கு ஒன்றரைத் தேங்காய் என்றால் வருடத்துக்கு 550. எங்கள் பக்கத்தில் பராமரித்த மரம் ஒன்று 40 முதல் 50 காய் தரும் என்று வைத்தால் 12 முதல் 14 மரம் போதும். குழி மூன்றடிக்கு மூன்றடி, ஆழமும் மூன்றடி. அடியில் பொச்சுமட்டையைக் குழிவுப்பக்கம் மேலே இருக்க அடுக்கினால் கோடையில் ஈரம் நிற்கும். எங்கள் பழைய தென்னைகள் போரோடு போயின. அடிக்கட்டைகள் இருந்த வரிசையை விட்டு, கிணற்றுப் பக்கமாகப் புதிய வரிசை போட்டிருக்கிறோம்.

ஒரு சட்டத்தையும் நினைவில் வையுங்கள். பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை அனுமதியில்லாமல் தறிக்கமுடியாது. பின்னர் வீடு நீட்டவோ கொட்டில் போடவோ எண்ணியுள்ள இடத்தில் அவற்றை நடவேண்டாம்.

பனை நடுவதற்கு அம்மா தானே எல்லை பார்த்து இடம் குறித்தார். "நான் தின்னவே நடுறன்? இந்தப் பிள்ளையளின்ர பிள்ளையள் தின்னட்டும்" என்றார். திரும்பவும் ஓடவேண்டி வந்தால் என்ன செய்வது என்ற கேள்வி எங்கள் எல்லோருக்குள்ளும் இருக்கிறது. அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அந்தக் கேள்விக்காக மரம் நடாமல் விட்டிருந்தால், இங்கே இருந்த இத்தனை வருடமும் நிழல் இல்லாமல் இருந்திருப்போம்.

ஏழாவது: விதையும் உயிர்களும்

கத்தரி, வெண்டி, பயற்றை, பூசணி ஆகியவற்றில் ஒவ்வொரு போகமும் நல்ல இரண்டு மூன்று செடிகளை விதைக்கென்று அடையாளம் கட்டி விடவேண்டும். நன்றாகக் காய்ந்த விதையைச் சாம்பலோடு கலந்து போத்தலில் அடைத்து வைக்கலாம். இடம்பெயர்வுகளில் எங்கள் ஊரில் இருந்த விதைகள் பல அழிந்தன. ஒரு வீட்டில் மட்டும் இருந்த விதை அந்த வீட்டோடு போயிற்று. ஆகவே நல்ல விதை என்றால் மூன்று வீட்டுக்குக் கொடுங்கள். உங்களிடம் தவறினால் அங்கே இருக்கும்.

உயிர்களை வளர்ப்பதில் ஒழுங்கு கோழி, ஆடு, பிறகு மாடு. பத்து ஊர்க்கோழியும் ஒரு சேவலும் குடும்பத்துக்குப் போதும். இரவில் அடைக்க, நிலத்தில் இருந்து இரண்டடி உயர்ந்த கூடு வேண்டும். கோழிகளை ஒரே கிழமையில் முடித்துவிடும் இராணிக்கெற் நோய்க்குத் தடுப்பூசி இருக்கிறது. பிரதேச கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேளுங்கள். ஆடு சினைப்பட்டு ஐந்து மாதத்தில் குட்டி போடும். வேலியில் குழை வெட்டும் அளவுக்கு வளர்ந்த பின்னரே ஆடு வாங்கவேண்டும், முன்னர் வாங்கினால் வேலியையே தின்றுவிடும். மாடு கடைசி. புல்லுக்கு இரண்டு பரப்பாவது ஒதுக்காமல் மாடு வாங்கினால் தீவனத்துக்குக் கடன்படவேண்டும். 2022 மார்கழியில் மண்டோஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் பெருந்தொகையான மாடுகளும் ஆடுகளும் இறந்தன. கொட்டிலின் வாடைப்பக்கம் கிடுகோ தறப்பாளோ கட்டி அடைக்கக்கூடியதாக இருக்கவேண்டும்.

இரண்டு மாடு நின்றால் நாளுக்கு 20 கிலோ சாணம் வரும். அதை உயிர்வாயுக் கலனில் விட்டால் ஒரு அடுப்பு ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் எரியும். கழிவு பாத்திக்குப் போகும். இது எங்கள் திட்டத்தில் எட்டாவது வருடத்துக்குரியது.

வளவு யாருடைய உடம்புக்கு ஏற்றது?

திட்டமிடும்போது பலர் விடும் பகுதி இது. எங்கள் வீடுகளில் கால் இழந்தவர்கள், கையில் பலம் இல்லாதவர்கள், உடம்பில் இன்னும் சன்னத் துண்டுகளோடு இருப்பவர்கள், வயது போனவர்கள் இருக்கிறார்கள். குனிந்து நிமிர்ந்து செய்யும் கமம் அவர்களை வீட்டுக்குள்ளே இருத்திவிடுகிறது.

தம்பிக்காக இரண்டரை அடி உயரத்தில் கல்லடுக்கிப் பாத்தி கட்டுகிறோம். அகலம் மூன்றடி, அப்போது இரு பக்கமும் நின்று கை எட்டும். கதிரையில் இருந்தும் வேலை செய்யலாம். கிணற்றில் இருந்து பாத்திக்கும் கோழிக்கூட்டுக்கும் போகும் பாதை நான்கடி அகலம், கிறவல் போட்டு இறுக்கியது. சக்கரநாற்காலி, ஊன்றுகோல், கைவண்டில் மூன்றும் அதில் போகும். தண்ணீர்க்குழாய் இடுப்பளவு உயரத்தில். நாற்றுமேடையும் விதையும் முழுவதும் தம்பியின் பொறுப்பு. வளவில் மிகவும் நிதானம் வேண்டிய வேலை அது, அவனுக்கு அது வாய்க்கிறது.

காசும் கடனும்

ஒரு வருடத்துக்கு ஒரு பெரிய வேலை என்பதே எங்கள் விதி. அந்த வேலைக்கான காசு முந்திய வருடத்து வருமானத்தில் இருந்தும் சீட்டில் இருந்தும் வரவேண்டும். கிழமைக்குக் கிழமை கட்டும் நுண்கடனில் கோழியோ ஆடோ வாங்கவேண்டாம். ஆடு சினைப்பட்டுக் குட்டி போட ஐந்து மாதம் எடுக்கும், கடன்காரர் கிழமைக்கு ஒருமுறை வருவார். இந்தக் கடன்களால் பெண்கள் பட்ட பாடு அளவுகடந்தபடியால்தான், வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டத்தை அரசாங்கம் 2018 இல் அறிவிக்கவேண்டி வந்தது.

வெளிநாட்டில் உள்ள சகோதரங்கள் உதவுவதாகக் கேட்டால், மாதக் காசுக்குப் பதிலாகத் தாங்கி, பீலி, பம்பி போன்ற நிலைத்து நிற்கும் ஒன்றைக் கேளுங்கள். அவர்களுக்கும் ஒருமுறை கொடுத்தால் முடிந்துவிடும், உங்களுக்கும் பத்து வருடம் நிற்கும்.

எங்கள் பத்து வருட ஒழுங்கு

முதல் வருடம்: பத்திரம், வரைபடம், பீலியும் தாங்கியும், வேலியின் ஒரு பக்கம், வீட்டைச் சுற்றிப் பப்பாசி, வாழை, முருங்கை, மரவள்ளி. தென்னையில் ஆறு, பனம்விதை எல்லைக்கு.
இரண்டாம் வருடம்: உயர்ந்த பாத்திகளும் பாதையும், கோழிக்கூடு, மண் திருத்தும் முதல் நான்கு பரப்பு, தென்னையில் மிச்சம்.
மூன்றாம், நான்காம் வருடங்கள்: வேலி முடித்தல், தேசி, ஒட்டுமா, பலா, மாரியில் உழுந்து, பயறு, கச்சான்.
ஐந்தாம் வருடம்: ஆட்டுக்கொட்டில், மண் திருத்தும் கடைசிப் பகுதி.
ஆறாம் வருடம்: சூரியசக்திப் பம்பியும் உயரத் தாங்கியும்.
ஏழாம், எட்டாம் வருடங்கள்: புல், மாடு, உயிர்வாயுக் கலன்.
ஒன்பதாம், பத்தாம் வருடங்கள்: புதிதாக ஒன்றும் இல்லை. இருப்பதைப் பழுதுபார்ப்பதும், நின்றுபோனதை மீள நடுவதும்.

கடைசி இரண்டு வருடத்தை வேண்டுமென்றே வெறுமையாக விட்டிருக்கிறோம். மழை பிழைக்கும், ஒரு நோய் வரும், ஒரு பிள்ளை பல்கலைக்கழகம் போகும். திட்டம் இரண்டு வருடம் பிந்தினாலும் முறியாமல் இருக்க அந்த இடைவெளி வேண்டும்.

பிள்ளைகள் இந்த வளவிலேயே இருக்கவேண்டும் என்று திட்டத்தில் எங்கும் எழுதவில்லை. அவர்கள் படித்துப் போகலாம், கடல் கடக்கலாம். ஆனால் பத்தாவது வருடம் இந்த வளவு ஒரு வயதானவரும் ஒரு கால் இல்லாதவரும் மட்டும் நின்று நடத்தக்கூடியதாக இருக்கவேண்டும் என்று எழுதியிருக்கிறோம். அப்படி இருந்தால், போகிறவர்கள் கவலையில்லாமல் போகலாம், திரும்பி வருபவர்களுக்கும் இடம் இருக்கும். வரைபடத்தின் பின்பக்கத்தில் வருடத்துக்கு ஒரு வரி எழுத இடம் விட்டிருக்கிறோம்: அந்த வருடம் எது நின்றது, எது பட்டுப்போனது, அடுத்தது என்ன. நீங்களும் இந்தப் புரட்டாதியில், மழைக்கு முன், ஒரு தாளை எடுத்து உங்கள் கிணற்றையும் வீட்டையும் வரைந்து தொடங்கலாம்.